கோப்பில் விட்ட இடத்தை எப்படிக் குறித்து வைப்பது? டெல்() ஏன் மறுக்கிறது?

வளவு_விளக்கு · கானாடுகாத்தான் · வெள்ளி, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். பைத்தான் நிரல்மொழியில் நான்கு நாளாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துப் படியுங்கள்.

எங்கள் வீட்டு இரண்டாம் கட்டு அறையில் மரப்பெட்டி நிறையப் பேரேடுகள். ரங்கூனில் லேவாதேவி நடந்த காலத்தில் எழுதியவை. கடைசிப் பேரேடு 1941. கரையான் தின்றது போக மிஞ்சியதை நானும் ஆச்சியும் மூன்று வருஷமாகத் தட்டச்சு செய்து ஒரே உரைக்கோப்பாக வைத்திருக்கிறோம். ஒன்றரை லட்சம் வரி, ஏறக்குறைய 15 எம்பி. ஒவ்வொரு வரியிலிருந்தும் பெயர், ஊர், தொகை, வட்டி இவற்றைப் பிரித்து எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் போட நிரல் எழுதினேன். ஊர்ப் பெயர்களை ஒரு இணையச் சேவையில் கேட்டுச் சரிபார்ப்பதால் வரிக்கு இரண்டு விநாடி ஆகிறது. மொத்தம் மூன்றரை நாள் ஓட வேண்டும். இங்கே மூன்றரை நாள் சேர்ந்தாற்போல் கரண்ட் இருக்காது. மடிக்கணினியின் பேட்டரியும் செத்துவிட்டது.

அதனால் எந்த இடம் வரை படித்தோம் என்று அவ்வப்போது குறித்து வைத்துக்கொண்டு, மறுபடி ஓட்டும்போது அங்கிருந்து தொடரலாம் என்று நினைத்தேன். திறந்த கோப்பில் இப்போதைய இடத்தைச் சொல்வது டெல்(), அந்த இடத்துக்குப் போவது சீக்() என்று படித்தேன். ஃபார் சுற்றுக்குள் ஒவ்வொரு வரிக்கும் டெல்() கேட்டால் உடனே நிரல் விழுகிறது. பிழை இப்படி வருகிறது: ஓஎஸ்எரர், டெல்லிங் பொசிஷன் டிசேபிள்ட் பை நெக்ஸ்ட்() கால். அதாவது நெக்ஸ்ட்() அழைப்பு இடம் சொல்வதை நிறுத்திவிட்டதாம்.

சரி, நாமே கணக்குப் போடலாம் என்று வரியின் நீளத்தை மூன்றால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே வந்தேன். தமிழ் எழுத்துக்கு மூன்று பைட் என்று எங்கோ படித்த நினைவு. அந்த எண்ணுக்கு சீக் செய்தால் ஒரு தடவை யூனிகோட் பிழை, ஒரு தடவை வரியின் நடுவிலிருந்து பாதிச் சொல். யாராவது வழி சொல்லுங்கள்.


ஊருணிக்கரை · காரைக்குடி · வெள்ளி, இரவு 9:40

முதலில் உடனடி மருந்து. கோப்பை உரையாகத் திறக்காமல் பைனரியாகத் திற தங்கச்சி. அதாவது திறக்கும் பாங்கு 'ஆர்' அல்ல, 'ஆர்பி'. அப்போது ஃபார் சுற்றுக்குள்ளேயே டெல்() வேலை செய்யும், வரும் எண் நேரான பைட் கணக்கு. ஒவ்வொரு வரியும் பைட்களாக வரும். அதை டீகோட்('யூடிஎஃப்-8') செய்து, அதாவது எழுத்தாக மாற்றிக்கொண்டு, உன் வேலையைத் தொடரு. யூடிஎஃப்-8 என்பது எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் முறை.

வரியைப் பைட்டாக வெட்டினால் தமிழ் எழுத்து உடையுமோ என்று பயப்பட வேண்டாம். யூடிஎஃப்-8-இல் வரிமுடிவுக்கான பைட் 10. தமிழ் எழுத்தின் மூன்று பைட்களும் 127-க்கு மேற்பட்டவை. ஆகவே எழுத்தின் வயிற்றுக்குள் வரிமுடிவு ஒருநாளும் வராது.

உரையாகத்தான் திறப்பேன் என்றால் ஃபார் சுற்றை விட்டுவிட்டு, ஒயில் சுற்றில், ஒரு வரி படிக்கும் ரீட்லைன்() அழைத்துப் பார். அங்கே டெல்() மறுக்காது. காரணத்தை நாளை எழுதுகிறேன், விடைத்தாள் திருத்தல் பாக்கி இருக்கிறது.


கோட்டையூரான் · கோட்டையூர் · வெள்ளி, இரவு 10:05

இவ்வளவு எதற்கு? வரி எண்ணைக் குறித்து வைத்தால் போதாதா? மறுபடி தொடங்கும்போது அத்தனை வரியைப் படித்துத் தள்ளிவிட்டு அடுத்ததிலிருந்து தொடர வேண்டியதுதான். 15 எம்பியைப் படித்துத் தள்ள ஒரு விநாடிகூட ஆகாது. டெல்(), சீக்() எல்லாம் பெரிய கோப்புக்காரர்களுக்கு.


சீப்புச்சீடை · புதுவயல் · வெள்ளி, இரவு 10:21

நான் இரண்டாம் ஆண்டு மாணவன். ஒரு சந்தேகம். ஃபார் சுற்றில் மட்டும் பைத்தான் ஏன் மறுக்க வேண்டும்? அதுவும் வரி வரியாகத்தானே படிக்கிறது? ரீட்லைனுக்குத் தெரிகிற இடம் ஃபாருக்கு ஏன் தெரியாது?


ஊருணிக்கரை · காரைக்குடி · சனி, காலை 6:50

தம்பி கேட்டதுதான் சரியான கேள்வி. இதற்குப் பதில் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

நம் ஊர்களில் ஊருணிக்குப் போய்த் தண்ணீர் எடுத்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தாகம் எடுக்கும்போதெல்லாம் டம்ளரை எடுத்துக்கொண்டு ஊருணிக்கு ஓடுவதில்லை. ஒரு குடம் மொண்டு வந்து வீட்டில் வைத்து, அதிலிருந்து டம்ளரால் எடுத்துக் குடிப்போம். கோப்பும் அப்படித்தான். நீங்கள் ஒரு வரி கேட்டால் பைத்தான் வட்டிலிருந்து ஒரு வரியை மட்டும் எடுப்பதில்லை. உரைப் பாங்கில் 8192 பைட் ஒரு குடம். அதை மொண்டு வந்து, எழுத்தாக மாற்றி, வரி வரியாக ஊற்றுகிறது. ஆகவே "இடம்" என்று கேட்டால் இரண்டு பதில் இருக்கிறது. ஊருணியில் எதுவரை மொண்டாகிவிட்டது என்பது ஒன்று, நீங்கள் எதுவரை குடித்திருக்கிறீர்கள் என்பது இன்னொன்று. டெல்() சொல்ல வேண்டியது இரண்டாவதை.

பைனரிப் பாங்கில் இது சுலபம். மொண்டதில் குடத்தில் மிச்சம் எத்தனை பைட் என்று தெரியும், கழித்தால் விடை. உரைப் பாங்கில் குடத்தில் இருப்பது பைட் அல்ல, மாற்றி முடித்த எழுத்துகள். மிச்சமிருக்கும் எழுத்துகள் எத்தனை பைட்டிலிருந்து வந்தவை என்று பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். அதற்காகப் பைத்தான் ஒவ்வொரு குடம் மொள்ளும்போதும், எந்த இடத்தில் மொண்டோம், மாற்றும் கருவி அப்போது என்ன நிலையில் இருந்தது என்று ஒரு குறிப்பு வைத்துக்கொள்கிறது. டெல்() கேட்டால் அந்தக் குறிப்பிலிருந்து தொடங்கி மறுபடி மாற்றிப் பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்கிறது. ஃபார் சுற்று (பிழையில் வந்த நெக்ஸ்ட்() அதன் உள்வேலைதான்) வேகத்துக்காக எழுதப்பட்டது. அதில் இந்தக் குறிப்பு வைப்பதை விட்டுவிடுகிறார்கள். குறிப்பு இல்லாமல் தப்பான இடத்தைச் சொல்வதற்குப் பதில், "சொல்ல மாட்டேன்" என்று நேர்மையாகப் பிழை தருகிறது. சுற்று முடிந்து கோப்பின் கடைசிக்கு வந்துவிட்டால் மறுபடி டெல்() அனுமதிக்கும்.

இன்னொன்று. உரைப் பாங்கில் டெல்() தரும் எண்ணைப் பைட் கணக்கு என்று எண்ணாதீர்கள். அது ஒரு அடையாளச் சீட்டு. திருப்பி சீக்()-கிடம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். அதைக் கூட்டுவது, கழிப்பது, எத்தனை சதவீதம் முடிந்தது என்று வகுப்பது எதற்கும் உத்தரவாதம் இல்லை. மாற்றும் கருவியின் நிலையையும் அந்த ஒரே எண்ணுக்குள் பொதிந்து வைப்பதால் சில சமயம் எண் மலைபோல வரும். என் மாணவன் ஒருவன் நோட்பேடில் 'யூனிகோட் பிக் எண்டியன்' என்ற வேறொரு குறிமுறையில் சேமித்த சின்னக் கோப்பில் டெல்() கேட்டான். இருபது இலக்க எண் வந்தது. அதை எஸ்கியூலைட்டில் போடப் போனான், ஏற்கவில்லை. அதன் முழுஎண் 64 பிட்டுக்குள் அடங்க வேண்டும். வளவு_விளக்கும் எஸ்கியூலைட்தான் என்பதால் இதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.


சீப்புச்சீடை · புதுவயல் · சனி, காலை 7:15

குடம், டம்ளர் நன்றாகப் புரிந்தது சார். அப்போது எழுத்துக்கு மூன்று பைட் என்பது தப்பா? அக்கா போட்ட கணக்கு எங்கே உடைந்தது?


ஊருணிக்கரை · காரைக்குடி · சனி, காலை 7:48

தப்பில்லை, பாதி உண்மை. நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம்: காரைக்குடி. கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் பத்து. க, கால், ர, ஐகாரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி, ட, இகரக் குறி. ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 30. உரைப் பாங்கில் ரீட்(5) என்று கேட்டால் ஐந்து எழுத்து வராது, "காரைக" வரை வரும். அப்போது டெல்() 15 என்று சொல்லும்.

இப்போது வெறும் ஊகத்தில் சீக்(7) என்று போனால், அது 'ர'வின் நடுப் பைட். அங்கிருந்து எழுத்தைத் தொடங்க முடியாது, பிழை வரும். அதுகூடப் பரவாயில்லை, தப்பு என்று தெரிந்துவிடுகிறது. சீக்(3) என்று போனால் பிழையே வராது. 'க'வை விட்டுவிட்டு வெறும் காலிலிருந்து படிக்கத் தொடங்கும். அந்த ஒற்றைக் கால் உங்கள் தரவுத்தளத்துக்குள் சத்தமில்லாமல் போய் உட்காரும். நான் அஞ்சுவது இதற்குத்தான்.

வரியில் இடைவெளி, எண், முற்றுப்புள்ளி எல்லாம் ஒரு பைட். அங்கேதான் மூன்றால் பெருக்கியது உடைந்தது. பேரேட்டில் வேறு ஏதாவது குறிகளும் தட்டச்சு செய்தீர்களா?


வளவு_விளக்கு · கானாடுகாத்தான் · சனி, காலை 9:30

செய்தோம் அண்ணே. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹, எல்லாம் பேரேட்டில் உள்ளபடியே. ஆச்சி பிடிவாதமாக இருந்தாள், ஐயா எழுதியதை மாற்றக் கூடாது என்று. பின்னங்களும் உண்டு. மா, காணி, முந்திரி எல்லாம் பழைய குறியிலேயே போட்டிருக்கிறோம்.


செம்மண்_பூமி · பள்ளத்தூர் · சனி, காலை 10:10

அடேயப்பா, ஆச்சிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கணக்கு இன்னும் கொஞ்சம் மாறுகிறது. ௶, ௷, ௸, ௹ எல்லாம் பழைய தமிழ்த் தொகுதியிலேயே உள்ளவை, மூன்று பைட். பின்னக் குறிகள் அப்படியல்ல. 2019-இல் வந்த யூனிகோட் 12-இல்தான் தமிழ் துணைத் தொகுதி என்று தனியாகச் சேர்த்தார்கள். இருபதில் ஒன்றான மா, எண்பதில் ஒன்றான காணி, முந்நூற்றிருபதில் ஒன்றான முந்திரி எல்லாம் அங்கே இருக்கின்றன. அந்தத் தொகுதியின் எண்கள் பெரியவை, யூடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றுக்கும் நான்கு பைட். ஆக உங்கள் ஒரே வரியில் ஒரு பைட், மூன்று பைட், நான்கு பைட் மூன்றும் கலந்து கிடக்கிறது. எழுத்தை எண்ணிப் பெருக்குவதை அடியோடு விட்டுவிடுங்கள். பைனரியில் டெல்() கேளுங்கள். அல்லது டீகோட் செய்வதற்கு முன் வரியின் பைட் நீளத்தைக் கூட்டுங்கள். இரண்டும் ஒரே விடை தரும்.

இன்னொரு கண்ணியும் உண்டு. 'கோ' என்பதை இரண்டு விதமாகத் தட்டலாம். க, பிறகு ஓகாரக் குறி ஒரே எண்ணாக, மொத்தம் 6 பைட். அல்லது க, ஏகாரக் குறி, கால் என்று மூன்றாக, 9 பைட். திரையில் இரண்டும் ஒரே 'கோ'தான். நீங்களும் ஆச்சியும் வேறு வேறு விசைப்பலகை மென்பொருளில் தட்டியிருந்தால் இரண்டும் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. பெயர்களை ஒப்பிட இவற்றை ஒரே வடிவத்துக்கு மாற்றத்தான் வேண்டும். ஆனால் மாற்றிய வரியின் நீளத்தை வைத்து இடத்தைக் கணக்கிடாதீர்கள். இடம் என்பது வட்டில் உள்ள பைட்டுக்குச் சொந்தம், உங்கள் கையில் உள்ள சொல்லுக்கு அல்ல.


தேவகோட்டை_ரஸ்தா · சனி, பகல் 12:35

தம்பிமார் நன்றாகச் சொல்கிறீர்கள். நான் சி மொழியில் பிழைத்தவன், அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சீப்புச்சீடைத் தம்பிக்குக் கல்லூரியில் சி தானே முதலில் வரும்.

சி-யில் டெல்()-க்கு இணை எஃப்டெல்(), சீக்()-க்கு இணை எஃப்சீக்(). எஃப்டெல்() திருப்பித் தருவது 'லாங்' என்ற முழுஎண் வகை. 64 பிட் லினக்ஸில் லாங் 64 பிட். விண்டோஸில், இயங்குதளம் 64 பிட் ஆனாலும், லாங் 32 பிட் தான். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2147483647, அதாவது இரண்டு ஜிபி. நான் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தபோது இதில் மாட்டினேன். பரிவர்த்தனைக் கோப்பு ஒன்று, மாதக் கடைசியில் மட்டும் இரண்டு ஜிபியைத் தாண்டும். எஃப்டெல் தோற்றால் -1 தரும். அதை யாரும் சோதிக்கவில்லை, அப்படியே குறித்து வைத்தார்கள். மறுநாள் நிரல் அந்த -1-க்கு எஃப்சீக் செய்தது. எஃப்சீக் முடியாது என்று சொன்னதையும் யாரும் கேட்கவில்லை. கோப்பு முதலிலிருந்து படிக்கப்பட்டு, ஒரு மாதத்துப் பதிவு இரண்டு தடவை ஏறிவிட்டது. இரண்டு இரவு தூங்காமல் உட்கார்ந்து பிரித்தோம். அன்றிலிருந்து எஃப்டெல் பக்கத்தில் -1 சோதனை இல்லாத நிரலைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. லினக்ஸில் எஃப்டெல்ஓ() என்றும், விண்டோஸில் எஃப்டெல்ஐ64 என்றும் பெரிய எண்ணுக்கான வடிவம் இருக்கிறது. இனி எழுதுகிறவர்கள் அதையே எழுதுங்கள்.

அடுத்தது உரைப் பாங்கு. விண்டோஸில் வரிமுடிவு 13, 10 என்று இரண்டு பைட். உரைப் பாங்கில் திறந்தால் சி நூலகம் அதை ஒன்றாக்கித் தரும். ஆகவே நீங்கள் படித்த எழுத்துகளின் எண்ணிக்கையும் எஃப்டெல் சொல்வதும் ஒத்துப்போகாது. சி மொழியின் தரநிலையே உரைப் பாங்கில் அந்த எண்ணை எஃப்சீக்குக்குத் திருப்பித் தர மட்டும் பயன்படுத்தச் சொல்கிறது. ஊருணிக்கரைத் தம்பி சொன்ன அதே அடையாளச் சீட்டு. பைட் கணக்கு வேண்டுமென்றால் அங்கேயும் பைனரிதான்.

இன்னொன்று, ஒரே கோப்பைப் படிக்கவும் எழுதவும் திறந்திருந்தால், படிப்பதிலிருந்து எழுதுவதற்கு மாறும் முன் நடுவில் ஒரு எஃப்சீக் கட்டாயம். இருந்த இடத்துக்கே ஆனாலும் சரி, ஒன்று போட்டுவிட வேண்டும்.


செம்மண்_பூமி · பள்ளத்தூர் · சனி, பகல் 1:20

அண்ணன் சொன்னதோடு ஒன்று. சி-யில் எஃப்கெட்ஸ் கொண்டு ஒரே ஒரு வரி படித்துவிட்டு, இயங்குதளத்தையே நேராகக் கேட்கும் எல்சீக்-ஐ நகர்த்தல் 0, 'சீக் கர்' (இருக்கும் இடத்திலிருந்து) என்று அழைத்துப் பாருங்கள். வரி 40 பைட் தான் இருக்கும், ஆனால் எல்சீக் 4096 என்பது போலப் பெரிய எண்ணைச் சொல்லும். எஃப்டெல் 40 என்று சரியாகச் சொல்லும். முன்னது ஊருணிக் கணக்கு, பின்னது டம்ளர் கணக்கு. ஒரே நிரலில் இரண்டு மட்டத்தையும் கலந்தால் வரிகள் காணாமல் போகும்.

இடம் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அது கோப்பில் எழுதப்பட்டிருப்பதில்லை. திறக்கும் ஒவ்வொரு தடவைக்கும் இயங்குதளம் ஒரு இடத்தை வைத்துக்கொள்கிறது. ஒரே கோப்பை இரண்டு தடவை திறந்தால் இரண்டு தனி இடம். ஒரு தடவை திறந்துவிட்டு ஃபோர்க் செய்தால், அதாவது ஓடும் நிரல் தன்னையே நகலெடுத்துப் பிள்ளை நிரலை உண்டாக்கினால், தாயும் பிள்ளையும் ஒரே இடத்தைப் பங்கிட்டுக்கொள்ளும், ஒன்று படித்தால் மற்றதற்கும் நகர்ந்துவிடும். கரண்ட் போனால் அந்த இடமும் போயிற்று. அதனால்தான் வெளியே குறித்து வைக்க வேண்டியிருக்கிறது.

பைப் வழியாக, அதாவது ஒரு நிரலிலிருந்து நேராக இன்னொன்றுக்கு வரும் தரவுக்கு இடமே கிடையாது. அங்கே டெல்() கேட்டால் பிழைதான். இடம் மாற்ற முடியுமா என்று சீக்கபிள்() கொண்டு முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.


வளவு_விளக்கு · கானாடுகாத்தான் · சனி, இரவு 8:55

பைனரிக்கு மாற்றிவிட்டேன். ஃபார் சுற்றிலேயே டெல்() வருகிறது! நூறு வரிக்கு ஒரு தடவை அந்த எண்ணை ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைத்தேன்.

ஆனால் இரண்டு சிக்கல். முதல் வரியில் மட்டும் பெயருக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீளம் கேட்டால் ஒன்று கூடுதல்.

இரண்டாவது, மாலை ஐந்தரைக்குக் கரண்ட் போனது. வந்ததும் தொடர்ந்தேன். தொடர்ந்தது, ஆனால் தரவுத்தளத்தில் 63 வரி இரண்டு தடவை ஏறியிருக்கிறது. நான் செய்தது எங்கே தப்பு?


ஊருணிக்கரை · காரைக்குடி · சனி, இரவு 9:25

முதலாவது எளிது. நம் கணக்கில் மேலே 'உ' போட்டுத் தொடங்குவோம் இல்லையா, அதுபோலச் சில மென்பொருள் யூடிஎஃப்-8 கோப்பின் தலையில் மூன்று பைட் போடும். பதினாறடிமான எண்ணில் சொன்னால் ஈஎஃப், பிபி, பிஎஃப். பைட் வரிசைக் குறி என்று பெயர். உன் பதிவுகள் 3-ஆம் பைட்டில்தான் தொடங்குகின்றன. முதல் மூன்று பைட்டைப் படித்து, அது இந்தக் குறி என்றால் அங்கிருந்து தொடங்கு, இல்லையென்றால் சீக்(0). கோப்பிலிருந்து அதை அழிக்காதே, எல்லா இடமும் மூன்று நகர்ந்துவிடும்.

இரண்டாவதற்குக் கோட்டையூரான் வரட்டும். தரவுத்தளம் அவர் தொழில்.


கோட்டையூரான் · கோட்டையூர் · சனி, இரவு 10:40

வந்தேன். நேற்று வரி எண் போதும் என்று சொன்னேன். அதை நான் மாற்றிக்கொள்ளவில்லை, 15 எம்பிக்கு அது போதும். ஆனால் வரி எண் வைத்திருந்தாலும் இந்த 63 வரி இரண்டு தடவைதான் ஏறியிருக்கும். நோய் வேறு இடத்தில் இருக்கிறது.

நீங்கள் பதிவை ஓரிடத்தில் எழுதுகிறீர்கள், இடத்தை வேறோரிடத்தில் எழுதுகிறீர்கள். நூறு வரிக்கு ஒரு தடவை இடம். கடைசியாக இடம் எழுதிய பிறகு 63 வரி பதிவாகிவிட்டது, கரண்ட் போயிற்று. பதிவு இருக்கிறது, இடம் பழையது. இடத்தை முதலில் எழுதிப் பிறகு பதிவு செய்தால் இதற்கு நேர்மாறு நடக்கும், வரிகள் விட்டுப்போகும். இரண்டு தடவை ஏறியதையாவது கண்டுபிடிக்கலாம். விட்டுப்போனதை யார் கண்டுபிடிப்பது?

மருந்து இதுதான். இடத்தைத் தனிக் கோப்பில் வைக்காதீர்கள். அதே எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் ஒரு வரி மட்டும் உள்ள அட்டவணை ஒன்று உண்டாக்குங்கள். ஒரு பேரேட்டு வரியை முடித்ததும், அதன் பதிவையும் புதிய இடத்தையும் ஒரே பரிவர்த்தனைக்குள் போட்டு ஒரே கமிட் (உறுதி செய்து எழுதுவது). ஏறினால் இரண்டும் ஏறும், கரண்ட் போனால் இரண்டும் இல்லை. வரிக்கு ஒரு கமிட் மெதுவாயிற்றே என்று யோசிக்க வேண்டாம், வரிக்கு இரண்டு விநாடி எப்படியும் காத்திருக்கிறீர்கள்.

இடமும் வரி முடிந்த இடமாக இருக்கட்டும். வேலை முடிவதற்கு முன் குறிக்கக் கூடாது.


தேவகோட்டை_ரஸ்தா · ஞாயிறு, காலை 6:15

கோட்டையூரார் சொன்னது நூற்றுக்கு நூறு. எங்கள் கணக்கப்பிள்ளை ஒருவர் வரவை எழுதி முடித்து மை காய்ந்த பிறகுதான் சிட்டையில் அதற்கு நேரே கோடு இழுப்பார். நடுவில் யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார்.

தரவுத்தளம் இல்லாமல் கோப்பில்தான் இடம் வைக்க முடியும் என்ற நிலை வந்தால், பழைய கோப்பின் மேலேயே எழுதாதீர்கள். புதிய பெயரில் எழுதி, வட்டில் இறங்கியதை எஃப்சிங்க்கில் உறுதி செய்து, பிறகு ரீப்ளேஸ்() கொண்டு பெயரை மாற்றுங்கள். எழுதும் நடுவில் கரண்ட் போனாலும் பழைய எண்ணாவது முழுசாக மிஞ்சும்.


வளவு_விளக்கு · கானாடுகாத்தான் · ஞாயிறு, இரவு 7:30

கோட்டையூர் அண்ணே சொன்னபடியே மாற்றினேன். சோதிக்க வேண்டும் என்பதற்காக நானே மூன்று தடவை ப்ளக்கைப் பிடுங்கினேன். ஒரு வரிகூட இரட்டிக்கவில்லை, விட்டுப்போகவும் இல்லை. மனசுக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா.

பிறகு இன்னொன்று நடந்தது. நிரல் நின்றிருந்த நேரத்தில் ஆச்சி கோப்பைத் திறந்து முந்தைய பக்கங்களில் சில பிழைகளைத் திருத்தியிருக்கிறாள். திருத்தியது நல்லதுக்குத்தான். தொடர்ந்தபோது முதல் வரி பாதியிலிருந்து வந்தது.


செம்மண்_பூமி · பள்ளத்தூர் · ஞாயிறு, இரவு 8:05

முன்னால் ஒரு எழுத்துக் கூடினாலும் குறைந்தாலும் பின்னால் உள்ள எல்லா இடமும் நகரும். வரி எண் வைத்தாலும், ஆச்சி ஒரு வரியைச் சேர்த்தால் அதே கதைதான்.

இடத்தோடு சேர்த்து, முடித்த கடைசி வரியின் தொடக்க இடத்தையும் அந்த வரியையும் குறித்து வையுங்கள். தொடங்கும்போது அங்கே சீக் செய்து ஒரு வரி படியுங்கள். பைட்டுக்குப் பைட் ஒத்துப்போனால் தொடரலாம். ஒத்துப்போகாவிட்டால் நிரல் நின்று உங்களைக் கேட்கட்டும். கோப்பின் மொத்த நீளத்தை மட்டும் நம்பாதீர்கள், ஒரு இடத்தில் கூட்டி இன்னொரு இடத்தில் குறைத்தால் நீளம் மாறாது. சீக்(0, 2) என்று கோப்பின் கடைசிக்குப் போய், பிறகு டெல்() என்று நீளத்தைக் கேட்பது விரைவான முதல் சோதனை, அவ்வளவே.

முடிந்தால் ஓட்டம் முடியும் வரை ஒரு பிரதியை எடுத்து அதில் மட்டும் நிரலை ஓட்டுங்கள். ஆச்சி மூலத்தில் திருத்தட்டும்.


கோட்டையூரான் · கோட்டையூர் · ஞாயிறு, இரவு 8:30

ஒரு யோசனை. இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். ஒவ்வொரு பதிவிலும் அந்த வரியின் தொடக்க இடத்தையும் ஒரு பத்தியாகப் போட்டு வையுங்கள். நாளைக்கு ஒரு பதிவில் சந்தேகம் வந்தால் ஒன்றரை லட்சம் வரியில் தேட வேண்டாம். அந்த இடத்துக்கு சீக், ஒரு ரீட்லைன், மூல வரி கையில். இந்த இடத்தில் டெல்() என் வரி எண்ணை வென்றுவிடுகிறது, ஒத்துக்கொள்கிறேன்.


வளவு_விளக்கு · கானாடுகாத்தான் · வெள்ளி, காலை 11:10

முடிந்தது. பிரதி எடுத்து, தொடக்க இடப் பத்தியும் சேர்த்து, திங்கள் காலை புதிதாகத் தொடங்கினேன். இன்று விடியற்காலை ஓய்ந்தது. நடுவில் நான்கு தடவை கரண்ட் போனது. நான்கு தடவையும் கடைசி வரி ஒத்துப்போய், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கடைசியில் டெல்() சொன்ன எண்ணும் கோப்பின் நீளமும் ஒன்றே.

ஊர்ப் பெயர் பொருந்தாதவை 312 வரி. ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். முதலாவது 408771-ஆவது பைட்டில் தொடங்குகிறது. சீக், ரீட்லைன், திரையில் வந்தது: "௸ ஊர் பெரியவீட்டு வகை ௶ ௹ 40". மேற்படி ஊர் என்றால் எந்த ஊர்? முந்தைய வரியிலும் மேற்படிதான், அதற்கு முந்தையதிலும் மேற்படிதான். தொடக்க இடங்கள் பத்தியில் இருப்பதால் ஒவ்வொரு வரியாகப் பின்னால் போனேன், பதினொன்றாவது வரியில் பெயர் கிடைத்தது: மோல்மேன். எங்கள் வீட்டுக் கடை ரங்கூனில் மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தோம். ஆச்சி அந்தப் பேரேட்டைத் தேடி எடுத்துவரப் பெட்டியைத் திறக்கப் போயிருக்கிறாள்.